பழைய போர்க்கப்பல் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவது எப்படி? எம்டன் படத்தை முன்வைத்து ஒரு முழு வழிகாட்டி

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் சென்னைக் கடற்கரைக்கு எதிரே வந்து நின்ற ஜெர்மன் கப்பல் எம்டன், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுமார் 130 குண்டுகளைச் சுட்டுவிட்டு இருட்டுக்குள் போய்விட்டது. உயர் நீதிமன்ற வளாகத்தின் மதிற்சுவரில் அதற்கான நினைவுக் கல் இன்றும் இருக்கிறது. ஏழு வாரம் கழித்து, நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் எம்டன் தோற்றது. மூழ்கிவிடாமல் இருக்க, கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் அதை வடக்கு கீலிங் தீவின் பவளப் பாறை மேல் ஏற்றி நிறுத்தினார்.

இந்தக் கப்பலின் படத்தை வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்று ஆசைப்படும் தமிழர்கள் பலர் உண்டு. ஆனால் தயாராகக் கிடைக்கும் சட்டமிட்ட படங்களை வாங்கினால் மூன்று குறைகளில் ஒன்றாவது இருக்கும்: படம் வேறு கப்பலுடையது, அல்லது சட்டத்துக்குள் அடக்குவதற்காகக் கப்பலின் முனை வெட்டப்பட்டிருக்கும், அல்லது 'பழமை' தெரிய வேண்டும் என்று காப்பித்தூள் நிறம் பூசியிருப்பார்கள். நாமே படத்தைத் தேடி, அச்சிட்டு, பிரேம் கடைக்காரருக்குச் சரியாகச் சொல்லிச் செய்தால் இந்த மூன்றையும் தவிர்க்கலாம். செலவும் பெரிதாக ஏறாது. பொறுமைதான் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

கீழே சொல்வதெல்லாம் எம்டனை வைத்துச் சொல்வது. வேறு எந்தப் பழைய போர்க்கப்பல் படத்துக்கும் இதே வழிதான்.

படி 1: அது அந்தக் கப்பல்தானா என்று பாருங்கள்

பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. எனக்கோ இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். சட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும், உள்ளே இருப்பது வேறு கப்பல் என்றால் விவரம் தெரிந்த முதல் விருந்தாளி வந்த அன்றே அந்தப் படத்தின் மதிப்பு போய்விடும்.

எம்டன் என்ற பெயரில் ஜெர்மன் கடற்படையில் ஒன்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் இருந்தன. சென்னையைச் சுட்டது முதலாவது. 1908-இல் டான்சிக் நகரில் நீரில் இறக்கப்பட்டு, 1909-இல் கடற்படையில் சேர்ந்தது. இரண்டாவது எம்டன் 1916-இல் வந்தது. அதை 1919-இல் ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் ஜெர்மானியர்களே மூழ்கடிக்க முயன்றார்கள். மூன்றாவது 1925-இல் நீரில் இறக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போர் வரை ஓடியது. தேடுபொறியில் 'எம்டன்' என்று போட்டால் மூன்றும் கலந்துதான் வரும்.

பிரித்தறிய மூன்று அடையாளங்கள் போதும்.

முதலில் புகைபோக்கிகளை எண்ணுங்கள். முதல் எம்டனுக்கு மூன்று. இரண்டுதான் இருக்கிறது என்றால் அது 1925-இன் கப்பல். அந்தப் படத்தை ஒதுக்கிவிடலாம்.

அடுத்து முகப்பைப் பாருங்கள். இரண்டாவது எம்டனுக்கும் மூன்று புகைபோக்கிகள் என்பதால் முதல் அடையாளம் மட்டும் போதாது. ஆனால் முதல் கப்பலின் நினைவாக, பின்னால் வந்த எம்டனின் முகப்பில் பெரிய இரும்புச் சிலுவைச் சின்னம் ஒன்றைப் பதித்திருந்தார்கள். முகப்பில் சிலுவை தெரிந்தால் அது சென்னைக்கு வந்த கப்பல் இல்லை. முதல் எம்டனின் முகப்பு வெறுமையாக இருக்கும். நீர்மட்டத்துக்கு அருகே முன்னோக்கித் துருத்திக்கொண்டும், மேலே போகப் போகப் பின்வாங்கியும் இருக்கும். அந்தக் காலத்து இடிமுகப்பு வடிவம் அது.

மூன்றாவது நிறம். சீனக் கடற்கரையில் சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்த அமைதிக்காலத்தில் எம்டனின் உடல் வெள்ளையாக இருந்தது. 'கிழக்கின் அன்னம்' என்று அதை அழைத்ததற்கு அந்த வெள்ளையும் ஒரு காரணம். போர் வந்ததும் சாம்பல் நிறம் பூசிவிட்டார்கள். ஆகவே பளிச்சென்று வெள்ளையாக மிதக்கும் எம்டன் படத்துக்குக் கீழே '1914 செப்டம்பர், வங்காள விரிகுடா' என்று எழுதியிருந்தால் அந்தக் குறிப்பு தவறு.

இன்னொரு சிக்கலும் உண்டு. எம்டனும் டிரெஸ்டனும் ஒரே வகுப்பைச் சேர்ந்த சகோதரக் கப்பல்கள். வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்று. கண்ணால் மட்டும் பார்த்துப் பிரிப்பது கடினம். இங்கே ஆவணக் காப்பகத்தின் குறிப்பைத்தான் நம்ப வேண்டும். யாரோ மறுபதிவு செய்த படத்துக்குக் கீழே இருக்கும் வரியை அல்ல.

படி 2: நல்ல மூலப் பிரதியைத் தேடுங்கள்

2008-இல் ஜெர்மன் கூட்டரசு ஆவணக் காப்பகம் 80,000-க்கும் மேற்பட்ட படங்களை விக்கிமீடியா காமன்ஸுக்குக் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் அவற்றின் நீளமான பக்கம் சுமார் 800 பிக்சல்தான். கைப்பேசித் திரையில் அழகாகத் தெரியும். 14 அங்குல அகலத்துக்கு அச்சிட்டால் ஓர் அங்குலத்துக்கு 57 பிக்சல்தான் கிடைக்கும். பீரங்கிகள் எல்லாம் பஞ்சுபோலக் கலங்கிவிடும். அந்தப் பிரதியை அடையாளம் காண்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். அச்சுக்குக் காப்பகத்திடமே பெரிய கோப்பைக் கேட்டு வாங்குங்கள். படத்தின் எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டால் வேலை எளிதாகும்.

பாறை மேல் ஏறி நிற்கும் எம்டனின் படம்தான் வேண்டும் என்றால் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் தொகுப்பைப் பாருங்கள். சண்டைக்குப் பிறகு ஆஸ்திரேலியர்கள் எடுத்த படங்கள் அங்கே இருக்கின்றன. எம்டனை வென்ற சிட்னி போன்ற ஆஸ்திரேலியக் கப்பல்களில் ஆர்வமுள்ளவர்களுக்கு, விக்டோரியா மாநில நூலகத்தில் ஆலன் கிரீன் என்பவர் சேர்த்த கண்ணாடித் தகட்டுத் தொகுப்பு ஒரு புதையல். அமெரிக்கப் போர்க்கப்பல்களுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம். அங்குள்ள டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனித் தொகுப்பில் 1890-களின் கப்பல்கள் பெரிய கண்ணாடித் தகடுகளில் இருக்கின்றன. தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம்.

உரிமை விஷயத்தில் சட்டென்று ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் 1955-க்கு முன் எடுத்த புகைப்படங்கள் பொதுவுடைமை. இந்தியச் சட்டப்படி புகைப்படத்துக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். மேலே சொன்ன ஜெர்மன் காப்பகப் படங்களுக்குக் காப்பகத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதைப் படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பிலேயே நிறைவேற்றிவிடலாம்.

வீட்டில் பழைய எம்டன் அஞ்சலட்டை ஏதாவது இருந்தால் அதையும் மூலமாகக் கொள்ளலாம். முதலில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக் கடலின் நிழல் பகுதியைப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் சிறு சிறு புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அச்சான அட்டை; பெரிதாக்கினால் புள்ளிகளும் சேர்ந்து பெரிதாகும். புள்ளிகள் இல்லாமல் சாம்பல் நிறம் மெல்ல மெல்ல இழைந்து போனால் அது நெகட்டிவிலிருந்து நேரடியாகப் போட்ட உண்மையான புகைப்படம். அப்படிப்பட்ட 9க்கு 14 செ.மீ. அட்டையை அங்குலத்துக்கு 1200 பிக்சல் (1200 dpi) என்ற அளவில் ஸ்கேன் செய்தால் சுமார் 4250க்கு 6600 பிக்சல் கிடைக்கும். 14 அங்குல அச்சுக்கு அது தாராளம். அசல் அட்டையை மட்டும் எக்காரணம் கொண்டும் சட்டத்துக்குள் வைக்காதீர்கள். நகலை மாட்டுங்கள், அசலை அமிலமில்லாத காகித உறையில் போட்டு இரும்பு அலமாரியில் வையுங்கள்.

படி 3: எந்தப் படம்?

சிங்தாவில் கம்பீரமாக நிற்கும் எம்டனா, பாறையில் சிதைந்து கிடக்கும் எம்டனா? இது ரசனை மட்டும் சார்ந்த கேள்வி இல்லை. அந்தக் கடைசிச் சண்டையில் எம்டனில் இருந்தவர்களில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிதைந்த கப்பலின் படம் எடுக்கப்பட்டபோது அது பலருக்குக் கல்லறை. சாப்பாட்டு மேசைக்கு மேலே அதை மாட்டுவது எனக்கு ஒப்பவில்லை. படிக்கும் அறையிலோ புத்தக அலமாரிக்குப் பக்கத்திலோ, கீழே முழு விவரத்தோடு இருந்தால் அது பொருத்தமான இடம். கூடத்துக்கு உயிரோடு மிதக்கும் கப்பலே போதும்.

சென்னையில் அன்றைய இரவு உயிரிழந்தவர்களும் உண்டு. படக்குறிப்பு எழுதும்போது முல்லரின் வீரத்தோடு அதையும் ஒரு வரியில் சேர்த்தால்தான் நேர்மை.

படி 4: திருத்துவதில் கைக்கட்டுப்பாடு

கணினியில் படத்தைத் திறந்ததும் கை பரபரக்கும். இங்கே எவ்வளவு குறைவாகச் செய்கிறோமோ அவ்வளவு நல்லது.

முதல் வேலை கிடைமட்டம். படகிலிருந்து எடுத்த படங்கள் பல சற்றே சாய்ந்திருக்கும். தொடுவானக் கோட்டை வைத்து நேராக்குங்கள். கொடிமரங்களை வைத்து நேராக்காதீர்கள். பல கப்பல்களில் அவை பின்பக்கம் சற்றுச் சாய்வாகவே அமைக்கப்பட்டவை.

அடுத்தது வானம். பழைய கப்பல் படங்களில் வானம் வெறிச்சென்று வெளுத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அன்றைய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொண்டன; சிவப்பை அநேகமாக வாங்கவே இல்லை. அதனால் நீல வானம் வெள்ளையாகிவிட்டது. அது படத்தின் பிறவிக் குணம். மேகம் ஒட்டினால் அப்போதே அது ஒரு பொய்ப் படம்.

தூசிப் புள்ளிகளையும் கீறல்களையும் நீக்கலாம், ஆனால் ஒவ்வொன்றாகக் கையால். தானியங்கித் தூசி நீக்கியை ஓட்டினால் என்ன ஆகும் என்று எம்டன் படத்திலேயே பாருங்கள். இரண்டு கொடிமரங்களுக்கும் இடையே கம்பியில்லாத் தந்திக்கான ஆன்டெனாக் கம்பிகள் மெல்லிய கோடுகளாக ஓடும். மென்பொருளின் கண்ணுக்கு அவையும் கீறல்தான்; துடைத்து எடுத்துவிடும். கம்பிகள் போனால் படத்தின் காலமே போய்விட்டது. எதிரிக் கப்பல்களின் பேச்சை எம்டன் ஒட்டுக்கேட்டது அந்தக் கம்பிகளின் வழியாகத்தான்.

செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெரிதாக்கும் செயலிகள் இன்னொரு ஆபத்து. மங்கலாக இருக்கும் இடத்தைத் தெளிவாக்குவதாகச் சொல்லி, இல்லாத ஒன்றை வரைந்து வைக்கும். உடலின் பக்கவாட்டில் உள்ள வட்டச் சன்னல்களைப் பெரிதாக்குவதற்கு முன்னும் பின்னும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை மாறினால் அந்தக் கோப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, சிறிய அளவில் அச்சிடுவதே மேல். சிறிதாக இருந்தாலும் உண்மையான படம் சுவரில் நன்றாகவே நிற்கும்.

கறுப்பையும் வெள்ளையையும் சற்று இழுத்துவிடலாம், ஆனால் நிழலில் உள்ள பீரங்கி முற்றும் கறுத்துப்போகும் அளவுக்கு வேண்டாம். வண்ணம் தீட்ட வேண்டாம். காப்பித்தூள் நிறமும் வேண்டாம். பழுப்பு பெரும்பாலும் அன்றைய ரசாயனத்தாலும் வயதாலும் வந்தது, எல்லாப் படங்களும் பிறக்கும்போதே பழுப்பாக இருக்கவில்லை. சற்றே வெதுவெதுப்பான சாம்பல் போதும்.

படி 5: அளவு

பழைய தகடுகள் பெரும்பாலும் 5க்கு 7 அல்லது 8க்கு 10 அங்குலம். நம் ஊர் லேப்களில் எளிதாகக் கிடைக்கும் காகிதம் 12க்கு 18. இரண்டின் விகிதமும் வேறு. 'ஃபுல் சைஸில் போடுங்கள்' என்று சொல்லிவிட்டால் லேப்காரர் மேலும் கீழும் வெட்டிவிடுவார். கொடிமரத்தின் உச்சியோ, முகப்புக்கு முன்னால் உள்ள தண்ணீரோ போய்விடும். கப்பலுக்கு முன்னால் போக இடம் இருந்தால்தான் அது போகிறது என்று கண் நம்பும்.

ஆகவே 18க்கு 12 காகிதத்தின் நடுவே 14க்கு 10 அங்குலப் படத்தை, சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு அச்சிடச் சொல்லுங்கள். அதற்கு 4200க்கு 3000 பிக்சல் இருந்தால் மிக நன்று. 2800க்கு 2000 இருந்தாலும் நான்கைந்து அடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்குப் போதும். அதற்கும் கீழே இருந்தால் படத்தின் அளவைக் குறையுங்கள்.

படி 6: அச்சு

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கல்யாண ஆல்பம் போடும் கலர் லேபில் மேட் அல்லது லஸ்டர் தாளில் போடுவது. விலை குறைவு, வேகம் அதிகம். ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தை வண்ண எந்திரத்தில் போடும்போது சாம்பலில் லேசான பச்சையோ ரோஸோ ஏறிவிடும். அதனால் முழு அச்சுக்கு முன் ஒரு சிறு துண்டை மட்டும் போட்டு வாங்கி, வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடையின் குழல் விளக்கில் பார்த்தால் நிறப்பிழை தெரியாது. சாயம் தெரிந்தால் சொல்லுங்கள், சரிசெய்து தருவார்கள்.

மற்றது, பிக்மெண்ட் மை உள்ள இங்க்ஜெட்டில் பருத்தித் தாளில் அச்சிடுவது. சென்னை, கோவை போன்ற நகரங்களில் ஓவியர்களுக்கும் புகைப்படக் கலைஞர்களுக்கும் அச்சுப் போடும் இடங்கள் இருக்கின்றன. விலை பல மடங்கு. ஆனால் தாளில் பளபளப்பு இல்லாததால் புகையும் கடலும் இழைந்து வரும்; மங்காமல் பல காலம் நிற்கும். ஒரே ஒரு படம்தான் மாட்டப்போகிறீர்கள் என்றால் இதற்கே போங்கள்.

ஃபிளெக்ஸ், வினைல் ஒட்டு, கேன்வாஸ் மூன்றும் வேண்டாம். கேன்வாஸின் நெய்த முடிச்சுகள் கொடிமரக் கம்பிகளை விழுங்கிவிடும்.

படி 7: பிரேம் கடைக்காரரிடம் பேசுவது

நம் ஊர் பிரேம் கடைகளில் வழக்கமான முறை ஒன்று உண்டு. படத்தைச் சட்ட அளவுக்கு வெட்டி, கண்ணாடியை நேரடியாக அதன் மேல் வைத்து, பின்னால் ஹார்ட்போர்டு போட்டு ஆணி அடித்துவிடுவார்கள். தாத்தா பாட்டி படங்கள் கண்ணாடியில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகமே உரிந்து வருவதைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். ஈரம் ஏறும்போது படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. இன்னொரு வழக்கமான முறை லேமினேஷன்: படத்தைப் பலகையில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் படலம் ஏற்றுவது. ஒருமுறை ஒட்டிவிட்டால் திரும்ப எடுக்கவே முடியாது. இரண்டும் வேண்டாம்.

கடையில் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, படத்தை வெட்டக் கூடாது, ஒட்டவும் கூடாது. மவுண்ட் போட்டு, கண்ணாடி படத்தைத் தொடாத மாதிரி வேணும்." மவுண்ட் என்றால் பெரும்பாலான கடைக்காரர்களுக்குத் தெரியும். நடுவில் சன்னல் வெட்டிய தடித்த அட்டை அது. கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே காற்று நிற்க இடம் கொடுப்பதுதான் அதன் முதல் வேலை, அழகு அப்புறம்தான்.

நம் எடுத்துக்காட்டுக்குக் கணக்கு இதோ. படம் 14க்கு 10. சன்னலை 14½க்கு 10½ என்று வெட்டச் சொல்லுங்கள்; படத்தைச் சுற்றிக் கால் அங்குலம் வெள்ளைத் தாள் தெரியும், படத்தின் ஒரு ஓரம்கூட மறையாது. இரு பக்கமும் மேலேயும் இரண்டரை அங்குல மவுண்ட், கீழே மட்டும் மூன்று அங்குலம். நான்கு பக்கமும் சமமாக விட்டால் படம் கீழே நழுவுவது போலக் கண்ணுக்குத் தோன்றும். ஆக மொத்தம் சட்டத்தின் உள்ளளவு 19½க்கு 16.

மவுண்ட் அமிலமில்லாத அட்டையாக இருக்கட்டும். சாதா அட்டை சில ஆண்டுகளில் வெட்டிய ஓரத்தில் பழுப்பேறி, அந்தப் பழுப்பு படத்துக்கும் பரவும். நிறம் பால்வெள்ளை வேண்டாம். எம்டன் படத்தின் வானம் முழு வெள்ளை இல்லை, சற்றே சாம்பல் கலந்தது. பக்கத்தில் பளிச்சென்ற வெள்ளை அட்டை வந்தால் வானம் அழுக்குப் போலத் தெரியும். தந்தத்தின் வெளிர் நிறம் பொருந்தும்.

படத்தை மவுண்டில் நிறுத்த செலோ டேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை கசிந்து தாளுக்குள் இறங்கும். தாளின் நான்கு மூலைகளையும் ஆல்பம் மூலைகளில் செருகிவிடுங்கள். அல்லது மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு மெல்லிய காகிதக் கீல்களைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் தாள் விரியும், கோடையில் சுருங்கும். நான்கு பக்கமும் இறுக்கி ஒட்டிவிட்டால் விரிய இடமில்லாமல் நடுவில் அலையலையாக எழும்பும்.

பீடிங், அதாவது சட்டத்தின் ஓரப் பட்டை விஷயத்தில் என் விருப்பம் முக்கால் அங்குல அகலத்தில் கறுப்பு அல்லது அடர்ந்த மர நிறம். பொன்முலாம் பூவேலைப்பாடு சாமி படத்துக்கு அழகு. கப்பலின் நேர்க்கோடுகளோடு அது சண்டை போடும். கடற்கரை ஊர்களிலும் கரையான் உள்ள வீடுகளிலும் மர பீடிங்கைவிட ஃபைபர் பீடிங் நிம்மதி. ஒன்றை மட்டும் அளந்து பாருங்கள், பீடிங்கின் உட்குழி ஆழம். கண்ணாடி 2 மி.மீ., மவுண்ட் ஒன்றரை, படத்துக்குப் பின்னால் இன்னோர் அட்டை ஒன்றரை, பின்பலகை மூன்று, எட்டு மி.மீ. ஆகிறது. குழி பத்து மி.மீ.யாவது இருக்க வேண்டும். குழி குறைவாக இருந்தால் கடைக்காரர் மவுண்டைத் தவிர்க்கத்தான் பார்ப்பார்.

கண்ணாடி சாதா 2 மி.மீ. போதும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் கிடைத்தால் நல்லது. எடையும் குறையும், உடையும் பயமும் இல்லை. ஆனால் துடைக்கும்போது கீறல் விழும்.

படி 8: பின்பக்கம்

பின்பலகையைச் சட்டத்தோடு சேர்த்துச் சுற்றிலும் காகித டேப்பால் இடைவெளியே இல்லாமல் மூடச் சொல்லுங்கள். இராமபாணப் பூச்சி நுழைய நூலளவு இடைவெளி போதும். அடி மூலைகள் இரண்டிலும் சிறு ரப்பர் பொத்தான்களை ஒட்டினால் சட்டம் சுவரைத் தொடாமல் நிற்கும், பின்னால் காற்று ஓடும்.

பலகையில் ஒரு காகித உறையை ஒட்டி, அதற்குள் படத்தின் முழு விவரத்தையும் எழுதி வையுங்கள்: கப்பலின் பெயர், எந்த வகுப்பு, படம் எடுத்த இடம், காலம், எந்தக் காப்பகம், படத்தின் எண், அச்சிட்ட தாளும் மையும். பத்து வருடம் கழித்து வீட்டில் வேறு யாராவது கேட்டால் பதில் அங்கேயே இருக்கும். முன்பக்கக் குறிப்பு சிறிதாக இருக்கட்டும், மவுண்டின் கீழ் ஓரத்தில் ஒரே வரி. 'எம்டன், சிங்தாவ், போருக்கு முன்' என்பதோடு காப்பகத்தின் பெயர். தேதி உறுதியாகத் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். காப்பகம் என்ன சொல்கிறதோ அதுவே போதும்.

படி 9: சுவர்

மேற்கு வெயில் விழும் சுவரை விடுங்கள். சன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரையும் விடுங்கள். பகல் முழுக்கக் கப்பலுக்குப் பதிலாகச் சன்னல்தான் தெரியும். மழையில் நனையும் வெளிச்சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், ஏசி காற்று நேராகப் படும் இடம் மூன்றிலும் ஈரம் கண்ணாடிக்குள் போய்விடும். வீட்டின் நடுவில் உள்ள உட்சுவர்தான் எப்போதும் பாதுகாப்பு.

இந்த அளவுக் கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய ஒரு கிலோ. பூச்சுக்குள் அடித்த ஒற்றை ஆணியை நம்ப வேண்டாம். செங்கல் வரை துளையிட்டு, ரப்பர் பிளக் வைத்து, இரண்டு திருகுகளில் மாட்டுங்கள். ஒரு திருகில் தொங்கும் சட்டம் கதவு சாத்தும் அதிர்வில் மெல்ல மெல்லச் சாய்ந்துவிடும். தொடுவானம் உள்ள படத்தில் அந்தச் சாய்வு உடனே உறுத்தும். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். நம் வீடுகளில் படங்களை லிண்டல் உயரத்தில் மாட்டுவது பழக்கம். சாமி படத்துக்கு அது சரி. கப்பல் படத்தைக் கிட்டே போய்க் கம்பிகளையும் பீரங்கிகளையும் பார்க்க வேண்டும், அது கண் மட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

பராமரிப்பு

துடைக்கும் திரவத்தைக் கண்ணாடி மேல் நேராகத் தெளிக்காதீர்கள். வழிந்து பீடிங்குக்குள் இறங்கி மவுண்டை நனைத்துவிடும். துணியில் சிறிது தெளித்து, அந்தத் துணியால் துடையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, வடகிழக்கு மழை ஓய்ந்த தை மாதத்தில், சட்டத்தை இறக்கிப் பின்பக்க டேப்பைப் பாருங்கள். எங்காவது உரிந்திருந்தால் புதிது ஒட்டுங்கள். கண்ணாடியின் உட்பக்கம் பனி படர்ந்தது போல இருந்தாலோ, மவுண்டின் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, உடனே பிரித்து, படத்தை மின்விசிறிக்கு அடியில் ஒருநாள் காயவிட்டு, புது மவுண்ட் போட்டு மூடுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம், தாள் சுருண்டுவிடும்.